வாடையில்லாத தின்னர்

பை ஒட்டும் பட்டறையில் அவளுக்குப் பெயரே பசைக்காரி. பட்டறைக்காரன் ஒன்றும் அந்நியனில்லை. அவளுடைய பெரியம்மா மகன், அண்ணன் முறை. அண்ணன் இடமாயிற்றே என்று தன் தங்கையையும் கூட்டிவந்து, ஒட்டுகிற மேசையில் உட்கார வைத்தவள் அவள்தான்.

ரப்பர் துண்டுகளைக் கரைக்கிற தின்னரில் ஊறப்போட்டு, கூழாகக் குழையும்வரை கிண்டுவது அவள் வேலை. தரையில் உட்கார்ந்து, டப்பாவை இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கிண்டுவாள். முன்பு வந்த தின்னர் மண்டையைப் பிளக்கும். பிறகு அண்ணன் வேறொன்று வாங்கிவந்தான். தண்ணீர் போலத் தெளிவு. தொட்டால் ஜில்லென்று இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். வாடையும் பேருக்குத்தான். தலைவலி விட்ட சந்தோஷத்தில் பெண்கள் அண்ணனைக் கும்பிடாத குறை.

வாடை போனதும் ஜன்னலையும் பலகை வைத்து அடைத்தார்கள். திறந்திருந்தால் தூசி வந்து ஈரப் பசையில் ஒட்டும். மின்விசிறி போட்டால் பசை ஆடை கட்டிவிடும். அவர்கள் பயந்ததெல்லாம் நெருப்புக்குத்தான். உள்ளே வருகிறவனின் சட்டைப்பையைத் தடவி, தீப்பெட்டி இருந்தால் வாசலிலேயே பிடுங்கிவைப்பான் அண்ணன். மூக்குக்குத் தெரியாதது உடம்பையும் தொடாது என்று நினைத்துவிட்டார்கள், பாருங்கள்.

ஒருநாள் சாயங்காலம் தெருவில் தங்கை சிரித்தாள். "என்னக்கா, ஒரு செருப்ப யாருக்கு தானம் பண்ணிட்டு வர்ற?"

குனிந்து பார்த்தாள். ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. எங்கே கழன்றதோ, கல் குத்தியதுகூடத் தெரியவில்லை. சிரித்து மழுப்பினாள். அப்புறம் மாடிப்படியில் கால் இழுத்தது. சாவியைத் திருப்ப விரலுக்கு வலுவில்லை.

மருத்துவர் அம்மா என்ன வேலை என்று விசாரித்தாள். "அதுல ஹெக்சேன் இருக்கும்மா. மூச்சு வழியா உள்ள போயி நரம்பக் கெடுக்கும். அந்த ஆவி காத்தவிட கனம், தரையோட படுத்துக் கெடக்கும். நீங்க அங்கதான உக்கார்றீங்க? வேலைய விட்டா மெதுவா தேறலாம். முழுசா தேறும்னு நான் சொல்லமாட்டேன்."

"மேசையில உக்கார்றவங்களுக்கு?"

"அடைச்ச ரூம்ல எல்லாருக்கும்தான்."

மறுநாள் அண்ணனிடம் சொன்னாள்.

"உனக்கு வயசாகுது, காலு மரத்துப்போகுது. அதுக்கு தின்னர் என்னம்மா பண்ணும்? நீ வீட்ல இரு. டப்பாவ உன் தங்கச்சி கிண்டட்டும்." நல்லது செய்கிற குரலில்தான் சொன்னான்.

தங்கையும் தலையாட்டினாள். "நான் பாத்துக்கறேன்க்கா."

மேசைப் பெண்கள் பசைக்குக் காத்திருந்தார்கள். அவள் தட்டுத்தடுமாறிப் போய், மூடியிருந்த தின்னர் டின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிம்மா. விளையாடாத."

"ஜன்னலத் தொற. டப்பாவ தரையிலேர்ந்து எடுத்து ஜன்னலோரம் வை. எதுவும் மூடி இல்லாம இருக்கக்கூடாது. அப்ப எந்திரிக்கறேன்."

"தூசி விழுந்தா சரக்கு திரும்பி வந்துரும்."

"சரக்கு வந்தா வரட்டும்ண்ணா. இவ காலு போனா யாரு குடுப்பா?"

தங்கை முகத்தில் அப்போதுதான் விளையாட்டு போயிற்று. மேசைக்கு அடியில் குனிந்து தன் பாதத்தைக் கிள்ளினாள். கொஞ்சம் பொறுத்து இன்னும் அழுத்திக் கிள்ளினாள்.

"அக்கா," என்றாள்.

அண்ணன் தங்கையின் பாதத்தைப் பார்த்தான். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பலகையைப் பிடுங்கப் போனான். ஆணி லேசில் வரவில்லை.