அஞ்சலி பேனருக்கு நாலு வரி

செத்துப்போன ஒருவருக்கு நான் ஓட்டுக் கேட்டிருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை, கவிதை எழுதுவதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் பஸ் டிரைவர். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் ஸ்பெஷல் ஓட்டியவர். திடீரென்று நெஞ்சுவலி, போய்விட்டார். காரியத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ரேஷன் கடையில் அரிசி எடை போட்டாலும் நான் பி.ஏ. தமிழ் என்பது தெருவுக்கே தெரியும். மறந்தவர்களுக்கு நானே நினைவுபடுத்திவிடுவேன்.

"பேனருக்கு நாலு வரி எழுதிக் குடு தம்பி. வரவங்க படிச்சிட்டு ஒரு நிமிஷம் அவர நெனைக்கணும். அவ்ளோதான்."

"அண்ணனப் பத்தி எதனா சொல்லுங்க அண்ணி."

"இன்னா சொல்றது? வண்டிய வுட்டுட்டு வந்தா செருப்பக் கழட்டி செவுத்தோரமா சாச்சி வைப்பாரு. இன்னும் அங்கதான் இருக்குது. எடுத்து உள்ள வைக்க கை வர்ல."

பரிவோடு தலையாட்டினேன். மனதுக்குள் மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன்: உவமை இல்லை, எதுகை இல்லை, போதாக்குறைக்குச் செருப்பு வேறு.

மூன்று நாள் உழைத்தேன்.

செஞ்சியின் சிங்கமே!
நெஞ்சிலே தங்கமே!
அஞ்சாத வேங்கையே!
மிஞ்சிட எவருண்டு!

அடிக்கு அடி எதுகை. சிங்கம், தங்கம், வேங்கை என்று வரிசையாக உருவகம். கடைசி அடி உயர்வு நவிற்சி. பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறிவிடும் மனிதர் அவர். அதனால் என்ன, அணி முக்கியமல்லவா?

பேனர் கடைக்காரர் இடம் போதவில்லை என்றார். "கண்ணீர் அஞ்சலிய சின்னதாக்கி மூலையில போடுங்க. கவிதையில கை வைக்காதீங்க" என்றேன். படம், யாருடைய கல்யாணத்திலோ அண்ணன் வெள்ளைச் சட்டையில் கைகூப்பிச் சிரித்தபடி வரவேற்றபோது எடுத்தது.

காரியத்தன்று காலையிலேயே தெருமுனையில் பேனருக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். பாராட்டு வாங்கத்தான், வேறெதற்கு? தொண்டூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் நின்று, கையால் தொடையில் தாளம் தட்டியபடி முழுசாகப் படித்தார்.

"யாருப்பா இவரு? எந்த வார்டுல நிக்கிறாரு?"

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கட்சிப் பேரக் காணோமே. சுயேச்சையா இருக்கும்."

கடையே சிரித்தது. காரியத்துக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு வீடு தள்ளி வாசலில் நின்றிருந்த அண்ணி அத்தனையையும் கேட்டார்.

'இப்பாடலில் அமைந்த மெய்ப்பாடு யாது?' என்று பரீட்சையில் கேட்டால் எட்டையும் ஒப்பிப்பவன் நான். என் பாட்டின் மெய்ப்பாடு அழுகை என்றே நம்பியிருந்தேன். நகை என்று டீக்கடை திருத்திக் கொடுத்தது.

தலையைக் குனிந்துகொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். சுவரோரம் அந்தச் செருப்பு சாய்ந்திருந்தது. சிரித்த சொந்தக்காரர்கள் எனக்கு முன்னால் போனார்கள். அதைப் பார்த்ததும் நின்றார்கள். தங்கள் செருப்புகளை அதைவிட்டுத் தள்ளிக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

சாயங்காலம் பேனரை அவிழ்த்துச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அண்ணி முன்னால் நின்றேன்.

"தப்பாயிடுச்சி அண்ணி. வருஷ திதிக்கு நல்லா மனச உருக்குற மாதிரி எழுதித் தரேன்."

அண்ணி பேனரை வாங்கிக்கொண்டார்.

"வருஷத்துக்கு போட்டோ மட்டும் போதும். நீ ஒண்ணும் எழுத வாணாம் தம்பி."