சுழலாத பித்தளை விசிறி

2019 பிப்ரவரி 17, காலை ஆறு ஐம்பது. பனி விலகவில்லை, ஒரகடம் சாலையில் ஷிப்ட் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. பிள்ளைப்பாக்கத்துக் கொட்டகையில், சாக்கில் சுற்றிய மூன்று இலைப் பித்தளை விசிறியை மடியில் வைத்துக்கொண்டு சம்பந்திக்காகக் காத்திருந்தேன்.

சம்பந்தி என் மகளின் மாமனார். ஒரு தொழிற்சாலையில் லாரி எஞ்சின் லைனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வங்கியில் கணக்குப் பார்த்தவன். இருவரும் சேர்ந்து அவருடைய கொட்டகையில் பதினெட்டு அடிப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டிவந்தோம். கடலோ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். 2015 போலச் செம்பரம்பாக்கம் ஏரியை மறுபடி திறந்துவிட்டால் இந்தப் படகு ஊருக்கே உதவும் என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

காற்று நின்றுவிட்டால் கரைக்குத் திரும்ப எஞ்சின் வேண்டும். அங்கேதான் முட்டிக்கொண்டது. சம்பந்திக்கு இன்போர்டுதான் பிடித்தது: படகின் வயிற்றுக்குள் சிறிய டீசல் எஞ்சின், சாவியைத் திருப்பினால் ஓடும். எனக்கு அவுட்போர்டு: பின்பலகையில் மாட்டுவது, பழுதானால் கழற்றி எடுத்து, படகை விடப்போகும் பழவேற்காட்டில் எந்த மெக்கானிக்கிடமும் கொடுக்கலாம். இன்போர்டு என்றால் விசிறியைச் சுழற்றும் தண்டு வெளியே போக அடியில் துளை போட வேண்டும். நீச்சல் தெரியாத எனக்கு அந்தத் துளை தூக்கத்தைக் கெடுத்தது. எடை, எண்ணெய்ச் செலவு என்று கணக்குப் போட்டு வாதாடினேன்.

"பயந்துகினே கணக்கு போட்டா கரையிலயே குந்திக்கினு இருக்கலாம் சம்பந்தி" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். பேச்சு நின்றது. மகள் போன் செய்தாள்.

"வளைகாப்புல ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்தா, நான் எந்தப் பக்கம் பாத்து சிரிக்கிறதுப்பா?"

அவள் சொல்லித்தான் தெரிந்தது: சம்பந்திக்கு வலது தோள் இறுகிப்போய், சட்டையைக்கூட அவர் மனைவிதான் மாட்டிவிடுகிறார். அவுட்போர்டைக் கயிறு இழுத்துத்தான் கிளப்ப வேண்டும், அவரால் முடியாது. அதை என்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். தான் கட்டிய படகில் அவர் வெறும் பயணியாக உட்கார வேண்டியிருந்திருக்கும். மறுநாளே காசிமேட்டுக்குப் போய் இன்போர்டுக்கான தண்டும் விசிறியும் வாங்கினேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். பின்னால் போர்வை போர்த்திய அவுட்போர்டு நோயாளியைப் போலப் படுத்திருந்தது. அவர் என் மடியைப் பார்த்தார். நான் ஆட்டோவைப் பார்த்தேன்.

"பொண்ணு குடுத்தவங்க மனசு கோணக் கூடாதுன்னு வூட்ல சொல்லிகினே இருந்தாங்க" என்றார் மெதுவாக.

மாப்பிள்ளை வீட்டார் மனம் கோணக் கூடாதென்று என் வீட்டிலும் அதே பாட்டுதான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

கடைசியில் துளை போடவில்லை, அவுட்போர்டையே மாட்டினோம். கயிறு இழுப்பது நான், இடது கையால் படகை ஓட்டுவது அவர் என்று முடிவாயிற்று. பழவேற்காட்டு ஏரியில் ஒவ்வொரு முறையும் முதல் இழுப்பில் எஞ்சின் கிளம்பாது. "இழுத்துக்கினே இருங்க சம்பந்தி, புடிச்சுக்கும்" என்பார், என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். இப்போது மாப்பிள்ளை ஓட்டுகிறார், நன்றாகவே ஓட்டுகிறார். நான் கயிற்றை ஒரு முறை இழுத்துவிட்டு, அந்தக் குரலுக்காகச் சற்று நின்று, பிறகுதான் மறுபடி இழுக்கிறேன்.

விசிறி என் சன்னலோரத்தில் இருக்கிறது. ஒரு நாளும் தண்ணீரைப் பார்த்ததில்லை. திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் அன்றே சொன்னார். எனக்குத்தான் மனம் வரவில்லை. தண்டோடும் வண்டி வாடகையோடும் சேர்த்துப் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.