தரச்சான்றிதழுக்காக நான் போட்ட கையெழுத்துகள்

பதினான்கு பேருடைய கையெழுத்தை என்னால் போட முடியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட்ட நாளும் இருந்தது. அதை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், தொழிற்பேட்டைக்குள், ரப்பர் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் இல்லை. ரசாயனத் தொழிற்சாலைகளில் லாரியிலிருந்து டேங்குக்கு ஆசிட் இறக்குவார்களே, அந்தக் கனமான குழாய். வெளியூரிலிருந்து நீளமாக வருவதை அளவுக்கு வெட்டி, இரண்டு முனையிலும் இரும்பு மூட்டு வைத்து இறுக்கி, உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதித்து அனுப்புவோம். முதலாளியைச் சேர்க்காமல் மொத்தமே பதினைந்து பேர். நான் தரப்பிரிவு. தரப்பிரிவு என்றால் ஏதோ பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு பீரோ, ஒரு பிரிண்டர், நான்.

சோதிக்கிற வேலையைச் செய்தது ஓர் அக்கா. சொந்த ஊர் புவனகிரிப் பக்கம், எட்டாவது வரை படிப்பு. தினமும் பஸ் மாறி வந்து, பதினோரு வருடமாக அதே பம்புக்குப் பக்கத்தில் நின்றவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அழுத்தம் ஏற்றுவதற்கு முன் பழைய செய்தித்தாளைக் கிழித்து, இரண்டு மூட்டுகளையும் சுற்றி நூலால் கட்டுவார். பம்ப் அடித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார். கண்ணுக்கே தெரியாத கசிவு என்றாலும் காகிதத்தில் புள்ளி விழுந்துவிடும். கசிகிறது என்று சொல்ல மாட்டார். "வேர்க்குது சார், இது ஆவாது" என்று அந்தக் குழாயைத் தனியே உருட்டி வைத்துவிடுவார். அவர் கை பார்த்து அனுப்பிய குழாய் ஒன்றுகூட எங்களுக்குத் திரும்பி வந்ததில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெரிய ரசாயனக் கம்பெனி எங்களிடம் குழாய் வாங்கச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, தரச்சான்றிதழ் வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மூணு மாசம் டைம் குடுத்துருக்காங்கப்பா. எப்பிடியாவது வாங்கிடணும். நீ பாத்துக்க."

நான் பார்த்துக்கொண்டேன், நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

தரச்சான்றிதழ் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது கேட்பது நியாயம்தான். செய்வதை எழுதி வை, எழுதியதைச் செய், செய்ததற்கு அத்தாட்சி வை. நாங்கள்தான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின நாள் உட்கார்ந்து வருடம் முழுமைக்குமான ரெக்கார்டு நோட்டை எழுதுவோமே, அந்த வேலை. தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த பதிவேடு வேண்டும் என்றார்கள். நாங்கள் யாருக்கும் ஒரு பயிற்சியும் கொடுத்ததில்லை. ஆகவே மூன்று மதியங்களில் பன்னிரண்டு பயிற்சிகளை நடத்தி முடித்தேன், காகிதத்தில். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் வராமல் காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டேன். வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பதினான்கு கையெழுத்தையும் பழகினேன். நாலு பேனா மாற்றினேன். ஒரு தாளில் டீ டம்ளரை வைத்து வட்டக் கறைகூட உண்டாக்கினேன். அடேயப்பா, எவ்வளவு பெரிய கலைஞன்!

அடுத்து, சோதனை செய்பவருக்குத் தகுதி இருக்க வேண்டும். அக்கா எட்டாவது, நான் டிப்ளமோ. எல்லாச் சோதனை அறிக்கையிலும் 'சோதித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து விழுந்தது. அக்காவின் பெயருக்கு நேரே 'உதவியாளர்' என்று போட்டேன். அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"பேப்பர்லதான்க்கா. வேல எப்பவும் நீங்கதான்."

"அதுல என்னா சார் இருக்கு, போட்டுக்கோங்க" என்றார். என்னை நம்பித்தான் சொன்னார்.

மிச்சம் இருந்தது அந்தச் செய்தித்தாள். சான்றிதழ் கொடுக்கலாமா என்று பார்க்க ஆடிட்டர் வரும்போது லட்ச ரூபாய்க் குழாயில் வடை மடிக்கிற மாதிரிக் காகிதம் கட்டியிருந்தால் என்ன நினைப்பார்? எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கெல்லாம் வெட்கப்பட்டிருக்கிறேன் பாருங்கள்.

"அக்கா, நாளையிலேர்ந்து பேப்பர் கட்டாதீங்க. ஆடிட்டர் பாத்தா சிரிப்பாரு."

"பேப்பர் இல்லாம எப்பிடி சார் தெரியும்?"

"கண்ணால பாருங்க. ஆடிட்டருக்குக் காட்டுற செய்முறை ஃபைல்ல அப்பிடித்தான் எழுதியிருக்கேன்."

"நீங்க எழுதிட்டா எங்கண்ணுக்குத் தெரிஞ்சிடுமா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. "ஜாஸ்தி பேசாதீங்கக்கா, சொன்னதச் செய்ங்க" என்றேன். அவர் நூல்கண்டை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டார்.

ஆடிட் அன்றைக்கு, வாய் குழறுகிறவர்களுக்கும் கேள்வி கேட்கிறவர்களுக்கும் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் பேட்டையில் வழக்கம். அக்காவுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தேன். ஆடிட்டர் தங்கமான மனிதர். என் கோப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பயிற்சிப் பதிவேடு இவ்வளவு சுத்தமாக இருப்பதைச் சின்ன கம்பெனிகளில் பார்த்ததில்லை என்றார். எனக்குக் காது மடல் வரை குளிர்ந்தது. சான்றிதழ் வந்தது, சட்டம் போட்டு மாட்டினோம், கேசரி கொடுத்தோம். அக்காவும் ஒரு கரண்டி கூடுதலாக வாங்கிக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகாவது காகிதத்தைக் கட்டச் சொல்லியிருக்கலாம். செய்முறையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், எந்த ஆடிட்டரும் மறுக்கப் போவதில்லை. அக்கா இரண்டு தடவை கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். சோம்பல் பாதி. அவர் சொல்லி நான் மாற்றுவதா என்ற திமிர் பாதி. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஆசிட் இறக்கும்போது மூட்டு சொட்டியிருக்கிறது. கீழே நின்ற தொழிலாளியின் கால் மேல் விழுந்திருக்கிறது. நல்லவேளை, ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். பூட்ஸுக்கு மேலே கெண்டைக்காலில் கொஞ்சம் வெந்ததோடு போயிற்று. காரணத்தைக் கண்டுபிடித்து ஏழு நாளில் எழுத்து மூலம் தர வேண்டும் என்று கடிதம். குழாயையும் கழுவித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்தக் குழாயைப் பம்பில் மாட்டினேன். ஜன்னல் மேலிருந்த நூலை எடுத்து, மூட்டில் செய்தித்தாளைக் கட்டி அழுத்தம் ஏற்றினேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலாவது நிமிடம் காகிதத்தில் புள்ளி விழுந்தது. பத்தாவது நிமிடம் கை அகலத்துக்கு ஈரம். அவிழ்த்துக் கசக்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

காரணம் தெரிந்துவிட்டது. தரப்பிரிவுக்காரன் சோதனை முறையைக் கெடுத்தான் என்று எழுத வேண்டும். நான் எழுதியது வேறு. சோதனை முறை சரியாகவே இருக்கிறது, சோதிக்காத குழாய் ஒன்றை உதவியாளர் கவனக்குறைவால் சோதித்த குழாய்களோடு கலந்துவிட்டார், அடையாளச் சீட்டு கட்டுவது பற்றி அவருக்கு ஏற்கெனவே முறையான பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. பயிற்சிப் பதிவேட்டின் நகலையும் இணைத்தேன். ஊருக்குக் காட்டச் செய்த காகிதம் ஓர் ஆளைக் காலி செய்யவும் உதவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாளி அக்காவை ரூமுக்குக் கூப்பிட்டார். நானும் நின்றேன்.

"ட்ரெய்னிங் குடுத்துருக்கு, கையெழுத்தும் போட்டுருக்க. அப்புறமும் கலந்து வச்சிருக்கியேம்மா. ஒரு ஆளு காலு வெந்து போச்சு, தெரியுமா?"

அக்கா தாளை வாங்கி, விரல் வைத்துத் தேதியைப் படித்தார்.

"இந்தத் தேதியில நான் வேலைக்கே வரலியே மொதலாளி. எம்பொண்ணுக்குச் சிதம்பரத்துல பிரசவம். ஆஸ்பத்திரியில இருந்தேன். சாருக்குத் தெரியுமே, சார்ட்ட சொல்லிட்டுத்தான போனேன்."

ஆமாம், சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பி வந்தபோது என்ன குழந்தை என்று கேட்டு, அவர் கொடுத்த சாக்லேட்டையும் வாங்கித் தின்றவன் நான். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தவனுக்கு லீவு போட்டவர்களைப் பார்க்கத் தோன்றவில்லை.

"ரிஜிஸ்டரப் பாருங்க மொதலாளி, அதுல லீவுன்னு இருக்கும்" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "அது பழைய ரிஜிஸ்டர் சார், தேடணும்" என்றேன். அது அந்த ரூமிலேயே எனக்குப் பின்னால் இருந்த பீரோவில், கையை நீட்டினால் எட்டும் இடத்தில் இருந்தது.

"சார், நீங்க சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

"தேதியெல்லாம் ஞாபகம் இல்லக்கா. ஷீட்ல கையெழுத்து இருக்கே."

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தாளிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சான்றிதழ் போகும், ஆர்டர் போகும், பதினைந்து பேர் பொழப்பு போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். நான் காப்பாற்றிக்கொண்டது என் ஒருவனுடைய பொழப்பை. நடவடிக்கை எடுத்ததாகப் பதில் எழுத வேண்டியிருந்ததால் அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். மறுநாளே செய்முறையில் காகிதம் கட்டும் வரியைச் சேர்த்தேன். அடுத்த ஆடிட்டில் அதை நல்ல முன்னேற்றம் என்று பாராட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் அக்காவிடமிருந்து போன். திட்டப் போகிறார் என்று நினைத்து எடுத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், சொகமா இருக்கீங்களா? ஒரு லெட்டர் வேணும் சார். இப்ப சிதம்பரத்துல பொண்ணு வீட்டோடதான் இருக்கேன். தீ அணைக்கிற சிலிண்டருங்கள டெஸ்ட் பண்ற கம்பெனி ஒண்ணு இங்க வந்துருக்கு. டெஸ்டிங் தெரியும்னு சொன்னேன். அனுபவ லெட்டர் கொண்டாந்தா பம்ப்ல போடுவாங்களாம். இல்லன்னா கூட்டித் தொடைக்கிற வேலதானாம்."

"நான் தரேன்க்கா, நானே கொண்டாந்து தரேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடவுள் ஒரு வழி காட்டிவிட்டார் என்றுகூட நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

மறுநாள் கம்பெனித் தாளில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். பதினோரு வருடம் சோதனையாளராக இருந்தார், இவரைப் போல் கைதேர்ந்தவரை நான் கண்டதில்லை என்று எழுதினேன். எழுதும்போது மனசு லேசானது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த பிறகு யோசனை வந்தது. இவர் சோதனையாளர் என்றால் அந்த அறிக்கைகளில் சோதித்தவர் என்று கையெழுத்துப் போட்ட நான் யார்? பெரிய கம்பெனிக்கு உதவியாளர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோமே? இந்தத் தாள் எங்கேயாவது சுற்றி அவர்கள் கைக்குப் போனால்?  பிறகு கிழித்துப் போட்டுவிட்டு, இவர் எங்களிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர் என்று இரண்டே வரி அடித்துக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை என் சொந்தக் கையெழுத்துதான்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அக்கா முன்கூட்டியே வந்து காத்திருந்தார். பேரனையும் இடுப்பில் வைத்திருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஆங்கிலம் அவருக்குப் படிக்கத் தெரியாது.

"டெஸ்டர்னு போட்டுருக்கீங்களா சார்?"

"போட்டுருக்கேன்க்கா."

தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கசங்காமல் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். "உங்க மனசு எனக்குத் தெரியும் சார். அன்னைக்கு மொதலாளி முன்னாடி உங்களால பேச முடியல, அவ்ளோதான்" என்றார். என்னைக் காசு கொடுக்க விடாமல் டீக்கு அவரே கொடுத்தார். கடலூர் பஸ் புறப்படும்வரை நின்று, பேரன் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தார்.

அவர் மகள் பி.காம். படித்தவள். அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் படித்துச் சொல்லியிருப்பாள். என் நம்பர் அக்காவிடம் இருக்கிறது. இன்றுவரை அவர் என்னைக் கூப்பிடவில்லை.