ஓரம் சீவிய சோமாசி

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை. ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. நால்வருக்கும் ஒரே சட்டியில்தான் சோறு ஆக்கினேன். யாருக்கும் பிரித்து வைத்ததில்லை.

மாதனூரில் இளைய மகன் ஏழுமலையோடு இருக்கிறேன். சோமாசிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. தாடை இழுத்தது. இடது கை மரத்து வலித்தது. தேய்ப்பது வலது கை, வலிப்பது இடது கையா என்று எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு வேர்த்து ஊற்றியது. அப்போதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. மகனும் மருமகள் செல்வியும் ஷூ கம்பெனிக்குப் போயிருந்தார்கள். பேத்தி திவ்யா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தற்செயலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்தான் வண்டி பிடித்து அனுப்பினார். உங்களுக்கு இப்படி வந்தால் அடுப்பைப் பார்க்காதீர்கள். உடனே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாயில் மருந்து விட்டு அடைப்பு எங்கே என்று படம் பிடிப்பது) எடுத்தார்கள். வலது மணிக்கட்டு வழியாகவே ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பி வலை) வைத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

"உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்திமா."

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கா? நாலு புள்ளைங்கள வளத்தவ நான். ஒருத்தர் வாசல்ல போய் ஒரு வார்த்த எதுத்துப் பேசனது இல்ல. என்னப் பாத்தா கொழுப்புன்றீங்க?"

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ரத்தத்துல இருக்குற கொழுப்பச் சொன்னேன்மா. டால்டா, எண்ணெயில பொரிச்சது ரெண்டும் இனிமே வேணாம்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் வந்தது. தனி. அம்மாவுக்குக் குழம்பு தனி, கூட்டு தனி, தட்டு தனி. நல்லதற்குத்தான் செய்தார்கள். செல்வி காலையில் கம்பெனி பஸ் பிடிப்பதற்குள் என் டப்பாக்களை மூடி வைத்துவிட்டுப் போவாள். நான் மதியம் ஒன்றைத் திறந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். அவர்கள் இரவில் சாப்பிடும் வாசனை வரும்போது எனக்குப் பசி ஆறிப்போயிருக்கும்.

தீபாவளி நெருங்கியது. எல்லாருக்கும் டால்டா போட்ட சோமாசி கொஞ்சம், உங்களுக்குத் தனியாகக் கொஞ்சம் என்றாள் செல்வி. வேண்டாம் என்றேன். ஒரே மாவு, ஒரே தட்டு. அது என் கையால் ஆகவேண்டும். இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் நோயாளி மட்டும்தான் என்று ஆகிவிடும்.

மைதா பாதி, கோதுமை மாவு பாதி. டால்டாவுக்குப் பதிலாகத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர். ஒரு கரண்டி எண்ணெய், அவ்வளவுதான். உள்ளே பொட்டுக்கடலை மாவு, எள், ஏலக்காய், கொஞ்சம் வெல்லம். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. இருப்பவர்கள் டாக்டரைக் கேளுங்கள். பழைய கட்டை கனமாக இருந்ததால் சின்னக் கட்டையில் தேய்த்தேன். சோமாசிக் கரண்டியின் பல் சக்கரத்தால் ஓரம் வெட்டினேன். குண்டானில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, தட்டில் அடுக்கி உள்ளே வைத்து, எண்ணெய் இல்லாமல் மூடிச் சுட்டேன்.

ஏழுமலை ஒன்றைக் கடித்தான்.

"இன்னாமா இது, சோமாசியா, சோலா? கம்பெனிக்கு எடுத்துனு போனா ஷூக்கு அடியில வெச்சுத் தெச்சுடுவாங்க."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செல்வி அடுப்பங்கரையில் நின்று ஒரு சோமாசியை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கம்பெனியில் ஷூவின் மேல்தோலை மடித்து ஒட்டும் இடத்தில் வேலை செய்கிறவள்.

"அத்த, நடுவுல நல்லாத்தான் இருக்குது. ஓரம்தான் கல்லு. நீங்க சீவவே இல்ல."

"இன்னாத்தச் சீவணும்?"

"ஓரத்ததான். தோல மடிக்கறதுக்கு முன்ன ஓரத்தச் சீவி மெலிசாக்குவோம். சீவாம மடிச்சா ரெண்டு பங்கு தடிப்பாய்டும். அந்த பீஸ் ரிஜெக்ட்."

"தோலும் மாவும் ஒண்ணாடி?"

"டால்டா போட்டா ஓரம் தானா உதிரும். தயிருக்கு ஏது அந்த வேல? நாமதான் மெலிசாக்கணும். கையக் குடுங்க."

என் விரலைப் பிடித்து மாவின் ஓரத்தில் அழுத்தி இழுத்துக் காட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, மாத்திரை கொடுப்பதற்காக அல்லாமல், ஒருவர் என் கையைத் தொட்டது அப்போதுதான்.

தேய்த்த வட்டத்தின் ஓரத்தை மட்டும் காகிதம்போல ஆக்கி, ஈரம் தொட்டு ஒட்டினோம். தயிர் மாவு சுருங்கும். பிசைந்தபின் ஈரத்துணி போட்டு மூடி வைக்கவேண்டும்.

தீபாவளியன்று மற்ற மூன்று பிள்ளைகளும் போனில் பேசினார்கள். வரவில்லை. நடுவில் ஒரே தட்டு வைத்தேன். ஏழுமலை ஒன்று எடுத்தான்.

"டால்டா மாதிரி வராதுமா."

"வராது" என்றேன். அவன் இன்னொன்று எடுத்தான். நானும் அதே தட்டிலிருந்து எடுத்தேன்.

மாவு மூடியிருக்கும் நேரத்தில் முன்பெல்லாம் துணி துவைத்து முடித்துவிடுவேன். இப்போது நானும் உட்கார்ந்துவிடுகிறேன். நெஞ்சு அடிப்பது கேட்கிறது. இத்தனை வருஷம் அது அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், நான் காது கொடுக்கவில்லை. கம்பெனி பஸ் திரும்பி வரும்வரை வீட்டில் வேறு சத்தம் இல்லை. தயிர் மாவு அதை மாற்றவில்லை. மாற்றும் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

திவ்யா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதுல பிழை இருந்தா திருத்து. மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு கண்ணு. உங்கம்மா ஓரம் சீவச் சொன்ன எடம் வந்தா கொஞ்சம் சத்தமாப் படி. அவ அடுப்பங்கரையிலதான் இருக்கா.