செப்பேட்டின் நான்கு எல்லைகள்

ஒரு சனிக்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் உட்கார்ந்தபடி, ஒரே பொத்தானை அழுத்தி ஒரு ராஜ வம்சத்தையே ஒழித்துக்கட்டினேன். தலைமுறை தலைமுறையாக அவர்கள் தானம் கொடுத்த ஊர்களெல்லாம் போய், திரையில் ஒரே ஓர் ஊர் மிச்சம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பது என் பிறவிக் கோளாறு.

நாங்கள் மூன்று பேர். அறை அங்கிளுடையது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய புத்தகம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். இன்னொருவர் சார். தமிழ்நாட்டிலிருந்து வந்து சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் ஒப்பந்தத்தில் கணக்குச் சொல்லித் தருபவர். சமஸ்கிருதத்தை ஆசைக்குப் படித்திருக்கிறார். நான் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வருபவள். வாரநாளில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறேன். சமஸ்கிருதத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அந்தக் காலத்து அரசர்கள் நிலம் கொடுத்துச் செப்பேட்டில் வெட்டிவைத்த சமஸ்கிருத சாசனங்களைப் புத்தகங்களிலிருந்து எடுத்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி கணினியில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. கூலி, அங்கிள் வாங்கிவரும் வடையும், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும்.

சாசனம் ஆரம்பத்தில் அரசனின் பரம்பரையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடும். முடிவில் சாபம் போடும். கொடுத்த நிலத்தைப் பிடுங்குகிறவன் அறுபதாயிரம் வருஷம் மலத்தில் புழுவாகக் கிடப்பான். நடுவில், கொடுத்த நிலத்தின் எல்லை வரும். கிழக்கில் தொடங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றும். ஒரு புற்று, ஓர் ஏரிக்கரை, ஒரு புளியமரம். சில இடங்களில் பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிடுவார்களாம். அது சுற்றி முடித்துவிட்டால் தானம் தானம்தான், அப்புறம் பேச்சே கிடையாது. இதை சார் முதல் தடவை சொன்னபோது, நான் நாற்காலியிலிருந்து விழாத குறை.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்னால், வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சார் கேட்டார்.

"மேடம், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

கல்யாணத்துக்குக் கேட்கும்போதும் மேடம்! ரசம் இலையைத் தாண்டி ஓடியது. இரண்டு பேரும் கையால் அணை கட்டினோம். அவரை எனக்குப் பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும். அப்படியே சரி என்று சொல்லியிருப்பேன். அவர் சும்மா இருக்காமல், "உங்கள மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல," என்றார். அணை கட்டின கையை எடுத்துவிட்டேன். விவாகரத்தாகிப் போன என் கணவரும் வரி மாறாமல் இதையேதான் சொன்னார். அங்கே ஒரு வருஷம் புகழ், மீதி வருஷமெல்லாம் சாபம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, ஊருக்கே திரும்புவதா என்று சார் கல்லூரிக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டிய கட்டம் வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் எங்கள் வேலையை நாலு பேருக்கு முதன்முதலாகக் காட்டப்போகிறோம். "அது முடியட்டும் சார், என் பதிலைச் சொல்றேன்," என்று தள்ளிப்போட்டேன்.

அன்று காலைதான் ஒழிப்பு நடந்தது. ஒரே சாசனம் இரண்டு மூன்று புத்தகங்களில் அச்சாகியிருப்பதால், எங்களிடம் இரண்டு மூன்று தடவை ஏறியிருந்தது. எழுத்து பெரும்பாலும் ஒத்துப்போனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடு என்று கணினிக்குச் சொல்லியிருந்தேன். ஒரு வம்சத்தில் யார் கொடுத்தாலும் புகழும் அதே, சாபமும் அதே. எல்லாமே ஒன்றுதான் என்று அது தீர்ப்பு எழுதிவிட்டது.

அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னாம்மா இது? நாலு மணிக்கு ஆளுங்க வந்துருவாங்க லா!"

"பேக்கப் இருக்கு அங்கிள், பயப்படாதீங்க."

சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எத்தனை ஊரைப் பிடுங்கியிருக்கீங்க மேடம்? ஊருக்கு அறுபதாயிரம் வருஷம். புழுவாவே செட்டில் ஆயிடுவீங்க." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "புகழையும் சாபத்தையும் விட்டுடுங்க. அது எல்லாரும் எழுதறது. எல்லையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க. ஊர் அதுலதான் இருக்கு."

பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு, அவர் சொன்னபடி மாற்றி எழுதி, மூன்றரை மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். ஊர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. புற்றுள்ள ஊர், இரண்டு ஏரி உள்ள ஊர், பலாமரத்து ஊர். இரண்டு வாரமாக நான் சார் சொன்ன ஒரு வரிப் புகழை மட்டும் பிடித்துக்கொண்டு, பழைய கணவரோடு அல்லவா ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

"சார், உங்க நாலு எல்லை என்ன?"

அங்கிள் வடையும் கையுமாக நின்றுவிட்டார். சாருக்கு உடனே புரிந்துவிட்டது, காது சிவந்தது.

"கிழக்குல... காலையில காபி நான் போடுவேன். ஆனா எட்டு மணி வரைக்கும் எனக்குப் பேச்சு வராது. தெற்குல எங்கம்மா. வருஷத்துல ஒரு மாசம் ஊர்ல அவங்களோட இருந்தே ஆகணும், அதை விட்டுத்தர முடியாது. மேற்குல, கோபம் வந்தா கத்த மாட்டேன், பாத்திரம் கழுவுவேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். வடக்குல..." கொஞ்சம் யோசித்தார். "வடக்குல உங்க கிள்ளான் வீடு, உங்க வேலை, உங்க சம்பளம். கூப்பிட்டா வருவேன். கூப்பிடாம கால் வைக்க மாட்டேன்."

புகழ்ச்சியாக ஒரு சொல்கூட இல்லை. முதல் கணவரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் எல்லைகூட ஒத்துப்போகவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை. அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. அங்கிள் மட்டும் வந்தவர்களைப் பார்க்காமல் எங்கள் இருவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போனபின் கீழே இறங்கினோம். பூக்கடை வாசலில் சார் நின்றார்.

"எல்லை சொல்லிட்டேன் மேடம். பெண் யானைக்குத்தான் பிரிக்பீல்ட்ஸ்ல எங்க போறதுன்னு தெரியல."

நான் ஒல்லி இல்லை. அதை அவரும் பார்த்திருக்கிறார். லேப்டாப் பையை அவர் கையில் திணித்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். கிழக்கு மூலையில் ஜோசியக்காரர் மேசை, தெற்கே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், மேற்கே கடைகளின் பின்வாசல், வடக்கே தேங்காய்ப்பால் ஐஸ் விற்கும் செண்டோல் வண்டி. அந்தக் கட்டட வரிசையை வேண்டுமென்றே யானை நடையாக அசைந்து அசைந்து வலம் வந்தேன். செண்டோல்காரர் கரண்டியைத் தூக்கியபடி வாயைப் பிளந்து பார்த்தார். சார் பின்னாலேயே பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுபடி பூக்கடை வாசல். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "என்னா தங்கச்சி, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்றார். எனக்கு மூச்சு வாங்கியது.

"மேடம், சுத்தி முடிச்சிட்டீங்க," என்றார் சார்.

"அப்புறம் பேச்சே கிடையாது சார்," என்றேன்.