காளைச் சண்டை பற்றி ஊரைக் கேட்டவள்

கேள்வியக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தவிர அது வேறெங்கும் புழங்கியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவளை ஊர் வேறென்ன சொல்லிக் கூப்பிடும்? எந்தச் சோப்பில் நுரை நிறைய வருகிறது, பஸ்ஸுக்கு எத்தனை நிமிஷம் காத்திருக்கிறீர்கள், வீட்டில் டிவி ரிமோட் யார் கையில் இருக்கும் என்று கேட்டுக் கேட்டே ஊரில் பாதிக் குடும்பங்களின் விவகாரம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வீட்டுப் பேச்சு அவள் வாய்வழியாக இன்னொரு வீட்டுப் படியேறியது கிடையாது. அதனால்தான் யாரையும் உள்ளே விடாதவர்கள்கூட அவள் தலையைக் கண்டால், "இந்தத் தடவை என்னக்கா, பற்பசையா?" என்று கதவைத் திறந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் பற்பசை இல்லை. காளைச் சண்டை.

ஊர் நடுவில் செங்கல்லால் கட்டிய வட்ட அரங்கம் ஒன்று இருந்தது. கோடையில் ஞாயிறுதோறும் ஆறு காளைகள் அதற்குள் போகும். வாள்வீரன் ஒருவன் ஒவ்வொன்றாகக் குத்திச் சாய்ப்பான். இதை நிறுத்த வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நிறுத்தினால் ஊருக்கே மரியாதை போச்சு என்று இன்னொரு கூட்டம் வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. ஒருவர் ஒட்டிய போஸ்டரை மற்றவர் கிழித்தார். டீக்கடையில் இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டன. நகர மன்றத்துக்குத் தலைவலி தாங்கவில்லை. ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று அக்காவின் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது. கிழக்குப் பக்கத்து நானூறு வீடுகள் அக்காவின் பங்கு. படிவத்தில் ஒரே கேள்வி: அரங்கத்தில் காளைச் சண்டை தொடரலாமா? கீழே இரண்டு கட்டம். தொடரலாம், கூடாது.

இதில் அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவளுடைய அண்ணன் அந்த அரங்கத்தில்தான் வேலை பார்த்தார். காளை அடைப்பின் கதவைத் திறந்துவிடுவது அவர் பொறுப்பு. முப்பத்துநாலு வருஷமாக அந்தத் தாழ்ப்பாள் அவர் கையில்தான். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு எட்டு. அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து மூடித்தான் தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கினார். பட்டியலில் அண்ணன் வீட்டு எண்ணும் இருந்தது. சொந்தக்காரர்களைக் கேட்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அவள் அதை அடித்துவிட்டு அடுத்த வீட்டு எண்ணை எழுதிக்கொண்டாள்.

முதல் வாரம் ருசியாகவே போயிற்று. கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தினமும் வெட்டறவன் நான். எனக்கு ரத்தம் புதுசு இல்ல. ஆனா வெட்டறதைப் பாக்க நாலாயிரம் பேர் கைதட்டணுமா? கூடாதுன்னு போடுங்க."

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத்தாம் பெரிய மிருகத்துக்கு முன்னாடி ஒரு மனுஷன் தனியா நிக்கறான் பாருங்க, அதைப் பாத்தா எனக்கு முதுகு நேராகுது. வீட்டுக்கு வந்தா மறுபடி கூன்தான். தொடரட்டும்மா."

இன்னொருவர் கூடாது என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டு, வாசல்வரை வந்து, "இந்த ஞாயித்துக்கிழமை யாரு இறங்கறாங்கன்னு உங்கண்ணன் ஏதாவது சொன்னாரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

தச்சர் வீட்டில்தான் விஷயம் முறுக்கிக்கொண்டது. தச்சரும் அவர் அண்ணன் தம்பிகளும் கூடத்தில் உட்கார்ந்து அரங்கத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தச்சரின் மனைவியைக் கேட்டாள். "இவர் சொல்றதுதான்" என்றாள் அவள். அக்கா தொடரலாம் என்பதில் குறி போட்டாள். கிளம்பும்போது அந்தப் பெண் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, அதை மாத்திப் போடுங்க."

"எதை?"

"கல்யாணமான புதுசுல என்னைக் கூட்டிட்டுப் போனாரு. மூணாவது குத்துலயும் காளை விழல. முட்டி போட்டுக்கிட்டு சுத்திச் சுத்தி எங்களைப் பாத்துச்சு. நான் இன்னிவரைக்கும் அவர்கிட்ட அதைச் சொன்னதில்ல."

அக்கா தெருவில் நின்று படிவத்தைப் பார்த்தாள். ஒரு ஆள், ஒரு கேள்வி, பத்து நிமிஷத்துக்குள் இரண்டு பதில். இதுவரை நிரப்பிய படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எந்தப் பதிலைச் சொல்லும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். மாமனார், முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் இருந்துகொண்டுதான் இருந்தார்கள். மொத்தம் இருநூற்று அறுபத்திரண்டு தொடரலாம், நூற்று முப்பத்தெட்டு கூடாது என்று கணக்கு முடிந்தபோது அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சூப்பர்வைசரிடம் போனாள். அவர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"மறுபடி எடுக்கணும் தம்பி. ஜனங்க மனசு இதுல இல்ல."

"அக்கா, அவங்க சொன்னதை நாம எழுதினோம். அதோட நம்ம வேலை முடிஞ்சுது."

"பதில்கள் உள்ளபடி பதிவாயிருக்குன்னு கீழே கையெழுத்துப் போடறவ நான்தானே. இதுல எப்படிப் போடறது?"

"இருபத்திரண்டு வருஷமா போட்டீங்களே?"

"சோப்பு விஷயத்துல யாரும் மாமனாருக்குப் பயந்து பொய் சொல்ல மாட்டாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். ஆள் தர முடியாது, நாளும் தர முடியாது என்றார். அக்கா தனக்கு மிச்சமிருந்த விடுமுறையை மொத்தமாக எழுதிக் கொடுத்தாள். ஒரு பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் பூட்டுக்காரரிடம் சொல்லி ஒரு நீளத் துளை போட்டுக்கொண்டாள். கட்டங்களை இரண்டிலிருந்து மூன்றாக்கினாள்: தொடரலாம், கூடாது, எனக்கு அதைப்பற்றி ஒன்றுமில்லை. அதே நானூறு வீடுகள். இந்தத் தடவை அவள் கேள்வியே கேட்கவில்லை. சீட்டையும் பென்சிலையும் கொடுத்து, "தனியா போய்க் குறி போட்டு, மடிச்சு நீங்களே உள்ளே போடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். சிலர் கேலி செய்தார்கள். ஒருத்தர் டின்னில் பிஸ்கட் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். நாய் ஒன்று ஒரு தெரு முழுக்கக் கூடவே வந்தது. குதிகால் வெடித்து, மாலையில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டுதான் அவளால் உட்கார முடிந்தது. பன்னிரண்டு வீடுகளில் ஆள் இல்லை. மற்ற எல்லா வீடும் முடிந்தது.

ஒவ்வொரு தெரு முடிந்ததும் டின்னைத் திறந்து எண்ணிக் குறித்துக்கொண்டாள். தொடரலாம் என்றவர்கள் நூற்று முப்பத்தொன்பது. கூடாது, நூற்று எழுபத்தொன்று. ஒன்றுமில்லை என்றவர்கள் எழுபத்தெட்டு. அவள் எதிர்பார்க்காத ஒன்றும் அதில் இருந்தது. படித்தவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் வாயால் தொடரலாம் என்று சொன்னவர்கள் மூன்றே பேர். டின்னில் பதினொரு சீட்டு இருந்தது. தச்சர் தெருவில் ஒரு தரப்பு வாயை மூடிக்கொண்டிருந்தது என்றால் இங்கே மற்ற தரப்பு.

இரண்டு கணக்கையும் சேர்த்து அனுப்பினால்தான் கையெழுத்து என்று நின்றாள். சூப்பர்வைசர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அனுப்பினார்.

நகர மன்றக் கூட்டத்துக்கு அவளையே கூப்பிட்டார்கள். இருபக்கமும் ஆளுக்கொரு கணக்கைப் பிடித்துக்கொண்டு இதுதான் நிஜம் என்று கத்தின. ஒரு உறுப்பினர் எழுந்து, "அம்மா, ஜனங்க ஒரு தடவை பொய் சொல்லியிருக்காங்க. எந்தத் தடவைன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அக்கா மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவள். கொஞ்சம் தள்ளி நின்றே பேசினாள். "யாரும் பொய் சொல்லலைங்க. முதல் தடவை சொன்னது பக்கத்துல இருந்தவங்களுக்கும் சேர்த்துச் சொன்ன பதில். ரெண்டாவது அவங்களோடது மட்டும். அப்புறம், எழுபத்தெட்டு பேருக்கு இதுல ஒரு அபிப்பிராயமும் இல்ல. நீங்க ரெண்டு பக்கமும் ஊரே உங்க பின்னால நிக்குதுன்னு சொல்றீங்க. ஊர்ல அஞ்சுல ஒருத்தர் சண்டை நடக்கற ஞாயித்துக்கிழமை வீட்டுல துணி துவைச்சிட்டிருக்காங்க."

கூடம் சிரித்தது. பிறகு யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. ஊர் முழுக்க ரகசிய வாக்கெடுப்பு வைப்பது என்று அன்றைக்கு முடிவானது.

மறுநாள் விடிந்ததும் அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் சாப்பிடவே இல்ல. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ."

காலையிலேயே போனாள். அண்ணன் சமையலறை மேசையில் பேப்பரை விரித்துப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நானூறு வீடு ஏறியிருக்க. அதுவும் ரெண்டு தடவை. ஊரையே கேட்ட. என்னைக் கேக்கலையே?"

"சொந்தக்காரங்களைக் கேக்கக் கூடாதுண்ணே. விதி."

"படிவத்துல எழுத வேண்டாம். கேட்டிருக்கலாமில்ல?"

அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். அடையாள அட்டையையும் கழற்றினாள். எதிரே உட்கார்ந்து கேட்டாள்: "சொல்லுண்ணே. நீ என்ன நினைக்கிற?"

அண்ணன் பேச ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. காளைகள் நாலு நாள் முன்னாலேயே அடைப்புக்கு வந்துவிடும் என்றார். தீனியும் தண்ணீரும் அவர்தான் வைப்பார். இரண்டாம் நாளே அவர் குரல் அவற்றுக்குப் பழகிவிடும். "கதவைத் திறந்ததும் எல்லாக் காளையும் பாஞ்சு போகும்னு ஜனங்க நினைக்குது. சிலது போகாது. வெளிச்சத்தைப் பாத்துட்டு அப்படியே நிக்கும். நான் பின்னாலருந்து போடா ராஜான்னு குரல் குடுப்பேன். உடனே போயிடும். என் குரலை நம்பித்தான் போகும்." கொஞ்ச நேரம் மேசை ஓரத்தை விரலால் தேய்த்தார். "ஆனா அந்தக் கதவு இல்லேன்னா நான் யாரு சொல்லு? தெருவுல நடந்தா காளைக்கார அண்ணன்னு எழுந்து நிக்கறாங்க. அதுவும் நிஜம்தானே?"

"நிஜம்தான்ணே."

அண்ணி டீ வைத்துவிட்டு ஓசைப்படாமல் போனாள். அண்ணன் இப்போதுதான் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தார். "இப்ப நான் கேக்கறேன். நீ என்ன சொல்ற?"

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டதில்லை. மழுப்பிவிட அவளுக்கு ஆயிரம் வழி தெரியும். ஆனால் கேட்டவர் அண்ணன்.

"நிறுத்தணும்ண்ணே. எனக்குச் சோறு போட்ட வேலைதான். இருந்தாலும் நிறுத்தணும்."

அவர் டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "டீ ஆறுது, குடி" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஊர் வாக்களித்தது. சொற்ப வித்தியாசத்தில் கூடாது என்றே முடிவானது. தோற்றவர்கள் கொஞ்ச நாள் உறுமினார்கள். யாரும் ஏமாற்றியதாக மட்டும் சொல்லவில்லை. கேட்ட விதம் அப்படி. தச்சர் தன் வீட்டிலேயே ஒரு எதிர் ஓட்டு விழுந்திருக்கும் என்று கனவில்கூட நினைக்கவில்லை. அக்காவும் அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அண்ணனுக்கு நகராட்சி வண்டிக் கொட்டகையில் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் எல்லாவற்றுக்கும் முணுமுணுத்தார், லாரிகளுக்கு மரியாதை தெரியவில்லை என்றார். தங்கையிடமும் பட்டும்படாமல்தான் இருந்தார். அவள் அதற்காக அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. வாரம் ஒருமுறை காலையில் போய், அதே மேசையில் உட்கார்ந்து, அந்த வாரம் அவர் சொல்வது எதுவானாலும் கேட்டுவிட்டு வந்தாள்.