டிரைவ் பெட்டிக்கு வைத்த பொட்டு

எங்கள் தோட்டத்து ஆப்பிசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதோடு ஓர் ஏர்கோனும், வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற விதியும் வந்தன. எண்பதுகளின் கடைசி அது. பாடாங் செராயில் பஸ்ஸை விட்டு இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே வெகுதூரம் நடந்தால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயம். அங்கே கோயிலுக்கு அடுத்தபடியாக வெறுங்காலோடு நுழைய வேண்டிய இடம் அந்த அறைதான்.

மானேஜரைத் தவிர இரண்டு பேர்தான் அதற்குள் போவார்கள். ஒருவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கணக்கு எழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவர். இன்னொருவர் அறையைக் கூட்டித் துடைக்கும் அம்மா. அதற்கு முன், அப்பா இறந்ததிலிருந்து, அம்மா களைக்கு மருந்து அடிக்கும் கும்பலில் இருந்தார். முதுகில் தொட்டியும் வாயில் கட்டிய துணியுமாகப் போவார். விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்தன. சில காலைகளில் மூக்கில் ரத்தம் வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் மாமா பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை படித்து முடித்தார். ஆப்பிஸ் வேலை கிடைத்தபிறகு அம்மாவுக்கு நகம் மறுபடி முளைத்தது.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ரொட்டி டின் அளவில் ஒரு டிரைவ் பெட்டி தனியாக இருந்தது. பினாங்கிலிருந்த தலைமை ஆப்பிஸ் அனுப்பும் சின்ன டிஸ்க்குகள் கம்ப்யூட்டரில் நுழையாது, இந்தப் பெட்டியில்தான் நுழையும். தள்ளினால் பச்சை விளக்கு எரியும்; தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வரும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் மாமா கூலிமில் ஒரு நண்பரிடமிருந்து கம்ப்யூட்டரை ஓட்டும் புது சிஸ்டம் வாங்கிவந்து, அதிலிருந்த பழையதன்மேல் ஏற்றினார். “இனிமே மிசின் பறக்கும்க்கா” என்று சாப்பிடும்போது சொன்னார்.

மறுநாள் தோட்டமே ஓய்ந்தது. பால் வெட்டும் கத்தி, லாரி, மருந்துத் தொட்டி, எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஆப்பிசில் அம்மா தராசுக்கும் டைப்ரைட்டருக்கும் வைத்துவிட்டுக் கடைசியாக டிரைவ் பெட்டிக்கு வைத்தார். டிஸ்க் நுழையும் வாய்க்கு மேலே, பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. நான் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தேன்.

பூசை முடிந்து ஆப்பிஸ் திறந்ததும் மானேஜர் டிஸ்க்கைத் தள்ளினார். பெட்டி செருமவில்லை, விளக்கும் எரியவில்லை. பொட்டிலிருந்து சந்தனம் வழிந்து, ஒரு கோடாகக் காய்ந்து, வாயின் விளிம்பைத் தொட்டிருந்தது. அங்கே நடந்ததை லாரி ஓட்டும் அண்ணன் லயத்தில் நடித்தே காட்டினார். “யாரு வேலை இது?” என்று மானேஜர் கேட்டாராம். மாமா சந்தனத்தைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, “அக்காதான் சார். சாமி கும்பிட்டப்போ” என்றாராம். அம்மா துடைப்பத்தோடு நின்றாராம்.

“என் லாரி டயருக்கடியில எலுமிச்சம்பழத்த வச்சு நசுக்குறோம், அது பாட்டுக்கு ஓடுதுலா. இவங்க மிசின் ஒரு பொட்டுக்குச் செத்துப்போச்சாம்!” என்றார் அண்ணன். லயமே சிரித்தது. அம்மா கதவைச் சாத்தினார்.

அடுத்த காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, அம்மாவின் பெயரை மருந்துக் கும்பலோடு கூப்பிட்டார்கள். “பெட்டி மட்டும் சரியாகட்டும்க்கா, நான் மானேஜர்கிட்ட பேசுறேன்” என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமாவுக்குச் சோற்றுத் தூக்குச்சட்டியோடு ஆப்பிசுக்குப் போனேன். அதுவரை அவர் ஸ்பிரிட்டும் பஞ்சுமாகத் தேய்த்ததில் பெட்டியின் முகப்பில் பெயிண்ட் மங்கியிருந்தது. அன்று அவர் பெட்டியைத் தொடவில்லை. அதோடு வந்த புத்தகத்தை மடியில் விரித்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் எதையோ காப்பி எடுத்தார். திரையில் ஒரு வரி தட்டினார். கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, டிஸ்க்கைத் தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி செருமியது.

நான் கைதட்டினேன். “என்ன மாமா செஞ்சீங்க?”

“புது சிஸ்டத்துக்கு இப்படி ஒரு பெட்டி இருக்குன்னே தெரியல. பழையதுல சொல்லி வச்சிருந்துச்சு. நான் புதுச ஏத்துனப்ப அது அழிஞ்சுபோச்சு.” என்னிடம் சொல்வதுபோல் இல்லை, திரையிடம் சொன்னார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றி, ஏற்கெனவே பளபளவென்றிருந்த பெட்டியின் வாயை மறுபடி துடைத்தார். சோற்றைத் தொடவில்லை.

மாமாவின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். அம்மா குழாயடியில், வாயில் கட்டும் துணியைத் தனி வாளியில் அலசிக்கொண்டிருந்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“தொடச்சதுக்கப்புறம்தானே எரிஞ்சுச்சு?” என்றார் அம்மா.

“இல்லம்மா. எரிஞ்சதுக்கப்புறம்தான் தொடச்சாரு.”

அம்மா அதையே இன்னொரு முறை கேட்டார். நானும் அதையே சொன்னேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, “இத வெளியில யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத” என்றார். மாமாவின் திறமை ஊருக்குத் தெரியக் கூடாதா என்று எனக்குக் கோபம்.

சந்தனத்தைச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டதாக மாமா மானேஜரிடம் சொன்னார். இதையும் லாரி அண்ணன்தான் வந்து சொன்னார். மானேஜர் மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். கம்ப்யூட்டர் அறையைக் கூட்ட வேறொரு பெண் வந்தார். மானேஜரிடம் பேசினாயா என்று அம்மா மாமாவைக் கேட்கவில்லை. மாமாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேலை நிரந்தரமான அன்று சாயங்காலம் மாமா பாடாங் செராயிலிருந்து கோழி வாங்கிவந்தார். அம்மா குளித்துவிட்டுச் சமைத்தார். நகங்கள் மறுபடியும் கறுக்கத் தொடங்கியிருந்தன. எப்போதும்போல ஈரலை மாமாவின் தட்டில் வைத்து, “சாப்பிடு தம்பி” என்றார்.

மாமா கடைசிவரை தலை நிமிரவில்லை. நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து, நான் எழுந்துபோய்த் தைலப் புட்டியை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.